நல்ல தண்ணி

ஈரத்துணி காய்ந்திருந்தது.

பீடி பற்றவைப்பதற்கு முன்னால்தான் லிங்கசாமி அதைப் பக்கெட்டில் முக்கி, அரைகுறையாகப் பிழிந்து, படகின் உள்ளே அடிப்பலகைமேல் போட்டிருந்தார். பீடி பாதிகூட எரியவில்லை. குனிந்து எடுத்தபோது அந்தப் பனியன் வேஸ்ட் துணி அப்பளம்போல விறைத்திருந்தது. விரல் அழுந்திய இடத்தில் ஓரம் பொடிந்து உதிர்ந்தது. சித்திரை மாதம், தகரக் கூரை, குன்னத்தூர் ரோட்டு நூல் குடோன்: துணி காய்வதில் அதிசயம் இல்லைதான். ஆனால் அதே பக்கெட்டில் அதே நேரத்தில் முக்கி, படகின் வெளி விளிம்பில் தொங்கவிட்ட இன்னொரு துணி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய கொட்டகையில் வேறு சத்தமே இல்லை. சொட்டு ஒவ்வொன்றும் தரையில் விழுந்து சிதறுவது தெளிவாகக் கேட்டது.

இருபத்தெட்டு வருஷமாகச் சாயப்பட்டறையில் ஃபிட்டர். நனைந்த துணியைப் போட்டுச் சுழற்றி ஈரம் பிழிகிற ஹைட்ரோ மிஷினை எத்தனையோ முறை பிரித்து மாட்டியவர். அந்த மிஷின்கூட இப்படிப் பிழிந்து அவர் பார்த்ததில்லை. இரண்டு துணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, விவரமான மனிதர்கள் செய்வதைச் செய்தார்: காய்ந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொரு பீடி எடுத்தார்.

திருப்பூரில் பாய்மரப் படகு எதற்கு என்பதை முதலாளி கிட்டுசாமியிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் முக்கால் மணி நேரம் சொல்வார் என்பதால் யாரும் கேட்பதில்லை. தன் பனியன் கம்பெனிக்கு அவர் ‘கிட்டு ஓஷன் எக்ஸ்போர்ட்ஸ்’ என்று பெயர் வைத்தபோது, வாழ்க்கையில் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் ராமேஸ்வரத்தில், அப்பாவுக்குத் திதி கொடுக்க. பெயரை நியாயப்படுத்த வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, தொண்ணூற்றாறில் கண்டெய்னர் ஏற்றிவிடக் கொச்சி போனவர், ஊரைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் இந்தப் படகை வாங்கி, முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டி, லாரியில் ஊருக்குக் கொண்டுவந்தார். ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைத்தார்கள். அப்புறம் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் போனது. பதினோரு வருஷம்.

இப்போது படகுக்கு வேலை வந்துவிட்டது. இந்த ஊர்த் தண்ணீரெல்லாம் சாயமாகிவிட்டதாமே என்று ஆர்டர் கொடுக்கும் பையரம்மா வெளிநாட்டிலிருந்து கேட்டிருந்தார். நேரில் வருகிறாராம். கிட்டுசாமி இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் கரட்டுக்குளத்தில் படகு விடுவது. மழையே பெய்யாத ஊரில் வருஷம் பூராவும் தளும்புகிற ஒரே குளம் அது. நேவி புளூ ஆர்டர் ஓடினால் நீலமாகவும், கிறிஸ்துமஸ் ஆர்டர் ஓடினால் சிவப்பாகவும் தளும்பும்.

“படகு உட்டு வெளையாடறாங்கன்னா தண்ணி சுத்தம்னுதானப்பா அர்த்தம்?” என்றார் கிட்டுசாமி. தலையில் நங்கூரம் போட்ட வெள்ளைத் தொப்பி வைத்திருந்தார். “ஞாயித்துக்கெழமை படகு தண்ணியில நிக்கோணும். ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது.”

“படகெல்லாம் நமக்கு என்னங்க தெரியும்?”

“என்னப்பா பெரிய படகு? சாயத் தொட்டிக்குத் தண்ணி உள்ள, இதுக்கு வெளிய. மத்தபடி எஞ்சினியரிங் ஒண்ணுதான்.”

படகில் வெள்ளை டி-சர்ட் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்து கையாட்ட வேண்டும், அந்தப் போட்டோ கேட்லாக்கின் முதல் பக்கத்தில் வரும் என்பது முதலாளி மகன் ரித்தீஷின் யோசனை. லண்டனில் ஏதோ படித்துவிட்டு வந்திருந்தான். சாம்பிள் செக்‌ஷன் முழுக்கப் பார்த்து அவன் கை காட்டியது பூங்குழலியை. லிங்கசாமியின் ஒரே மகள். இருபது வயது.

செவ்வாய்க்கிழமை லிங்கசாமி படகைச் சோதித்துப் பார்த்தார். பலகைகளுக்கு நடுவே சுண்டு விரல் நுழைகிற அளவு வெடிப்பு. அடைத்தாயிற்று. சரியாக அடைந்திருக்கிறதா என்று பார்க்கச் சாயப்பட்டறைக்காரனுக்குத் தெரிந்தது ஒரே வழி: உள்ளே தண்ணீரை நிரப்பு, மட்டத்தில் சாக்பீஸால் கோடு போடு, வெளியே எங்கே கசிகிறது என்று பார். படகுக்காரன் எவனும் படகுக்குள் தண்ணீர் ஊற்ற மாட்டான் என்பது அவருக்குத் தெரியாது. சொல்லவும் அங்கே ஆள் இல்லை. குடோன் போர் தண்ணி வெறும் உப்பு. பலகையில் உப்புப் படியுமே என்று, ஆட்கள் குடிக்க வைத்திருந்த டிரம்மிலிருந்து நல்ல தண்ணியே எடுத்து ஊற்றினார். கோடு போட்டார். கீழே படுத்து அடிப்பாகம் முழுக்கத் தடவிப் பார்த்தார்.

ஒரு சொட்டு கசியவில்லை.

எழுந்து உள்ளே பார்த்தார். கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது தண்ணீர். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரப் பலகையின்மேல் அந்த விளிம்பு மெதுவாக இறங்கியது. ஓட்டையில் ஓடும் தண்ணீருக்கு ஒரு சுழிப்பு இருக்கும், ஒரு திசை இருக்கும். இதற்கு எதுவும் இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே சீராக, பொறுமையாக. அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வேலை விட்டு வந்த ஆள் சொம்பை அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும்போது தொண்டையில் வருமே, அந்தச் சத்தம்.

அவர் கையை விளிம்பிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“லிங்கண்ணா, மரம் காஞ்சா சுருங்கும், தண்ணி ஊத்துனா ஊறும். நெட்ல பாத்தேன், எல்லாம் நார்மல்தான்” என்றான் ரித்தீஷ், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நியாயமாகத்தான் பட்டது. புதன்கிழமை ஆறு டிரம் ஊற்றினார். ஆறும் போயிற்று. வெடிப்புகள் மூடிக்கொண்டன, வெளிறிக் கிடந்த மரம் தேன் நிறத்துக்குத் திரும்பி, தடவினால் வழுவழுவென்று, மிதமான சூட்டோடு இருந்தது. வார்னிஷ் இன்னும் அடிக்கவே இல்லை. சாயங்காலம் முட்டுக்கட்டை மாற்ற நான்கு பேர் படகைத் தூக்கினார்கள். திங்கட்கிழமை எவ்வளவு கனம் இருந்ததோ அதே கனம்தான். ஆறு டிரம் தண்ணீரின் கனம் எங்கே என்று லிங்கசாமி யாரிடமும் கேட்கவில்லை. உள்ளே இறங்கி உப்புத்தாள் தேய்த்தபோது அவருடைய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கால் மணி நேரத்தில் உதடு வெடித்து, உள்ளங்கைத் தோல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப்போனது. வெளியே வந்து மூன்று சொம்பு தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். வியர்வை அதற்கப்புறம்தான் வந்தது.

வியாழக்கிழமை நாய்.

வாட்ச்மேன் வளர்த்த செவலை. காலையில் படகுக்குள் நிழலில் படுத்திருந்ததைக் குச்சியால் தட்டி விரட்டினார். டீ குடித்துவிட்டு வந்தபோது மறுபடியும் ஏறிப் படுத்திருந்தது. சரி, தூங்கட்டும் என்று பாய் கட்டும் கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் குடோனுக்குள் தகரம் படபடவென்று வெயிலில் நெளிவது கேட்டது. நூல் மூட்டைகளின் எண்ணெய் வாசம் கனத்து இறங்கியது. அதற்கும் அடியில், ரொம்ப மெல்ல, அந்தத் தொண்டைச் சத்தம் இருந்தது. இன்றைக்கு அவர் ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

“செவலை,” என்றார். “ஏ, செவலை.”

வால் அசையவில்லை. காலைப் பிடித்துத் தூக்கினார். முழு நாய் ஒற்றை விரலில் வந்தது. காலி நூல் கோணிக்கு இருக்கும் எடை. தோல் விலாவோடு ஒட்டி, விலாவுக்கு நடுவே உள்ளே மடிந்திருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு சுண்டைக்காய் வற்றல். ரத்தம் இல்லை, நாற்றம் இல்லை. ஒரு ஈ மொய்க்கவில்லை. மொய்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. அது படுத்திருந்த இடத்தில் மரம் மட்டும் நல்ல கறுப்பாக, ஈரம் மினுங்க இருந்தது.

வெள்ளிக்கிழமை கிட்டுசாமியிடம் போய்ச் சொன்னார்.

“தண்ணியக் குடிக்குதுங்க.”

“என்னது?”

“படகுங்க. நாயையுங்கூட…”

கிட்டுசாமி தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார், ஏதோ பதில் அங்கே எழுதியிருப்பதுபோல. “லிங்கசாமி, பையரம்மாகிட்ட இதச் சொல்லிப்போடாதப்பா. நாயின்னா அவங்களுக்கு உசுரு.”

வேறு எதுவும் அவர் காதில் விழவில்லை.

சாம்பிள் செக்‌ஷனில் பூங்குழலி பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். டால்பின் படம் போட்ட வெள்ளை டி-சர்ட் அவள் பக்கத்தில் மடித்து வைத்திருந்தது.

“கண்ணு, ஞாயித்துக்கெழமை நீ போவேண்டாம். வேற யாரையாச்சும் உக்கார வெக்கட்டும்.”

“எதுக்குங்ப்பா?”

“அந்தப் படகு சரியில்ல.”

“நீங்கதான செய்யறீங்க? சரியில்லைன்னா சரி பண்ணுங்க.”

“அது தண்ணி குடிக்குது, கண்ணு.”

“இந்த வெயிலுக்கு யாருதான் குடிக்கல?” பக்கத்து மேஜைப் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் வெடித்த உதட்டைப் பார்த்தாள். “மூணு வருஷமா எவளோ போடற சட்டைக்குப் பிசிறு வெட்டறேன். ஒரே ஒருக்கா நான் போட்டு, நாலு பேரு பாக்கறேன்னா உங்களுக்கு ஆகலையா? வேற யாராச்சும்னா மட்டும் அந்தப் படகு சரியாப் போயிருமா?”

அந்தக் கேள்வி வீடுவரை கூடவே வந்தது. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து யோசித்தார். படகை உடைக்கலாம். கொளுத்தலாம். கொளுத்தினால் குடோனோடு போகும், அவரும் உள்ளே போவார். ஒரு தொட்டி நிறையாமல் இருந்தால் என்ன செய்வார்கள்? நிறைகிறவரை ஊற்றுவார்கள். தாகம் என்றால் எதற்கும் ஒரு அளவு உண்டல்லவா? பதினோரு வருஷம் காய்ந்து கிடந்தது. வயிறு நிறைந்துவிட்டால் அதுபாட்டுக்கு நிற்கும்.

விடிந்ததும் போன் செய்தார். “மொதலாளி, ஒரு லாரி தண்ணி வேணுங்க. நல்ல தண்ணி. இன்னிக்கே வேணுங்க. மரம் முழுசா ஊறிருச்சுன்னா நாளைக்கு ஒரு பிரச்சினையும் இருக்காதுங்க.”

“வந்துரும்பா” என்றார் கிட்டுசாமி.

லாரி வந்தபோது அவர் குடோனில் இல்லை. பட்டறையில் ஹைட்ரோ மிஷின் பெல்ட் அறுந்ததென்று கூப்பிட்டுவிட்டார்கள். மாட்டிவிட்டு அரக்கப்பரக்க சைக்கிளை மிதித்து வந்தபோது லாரி போயிருந்தது. படகு விளிம்புவரை நிறைந்து, அசைவில்லாமல், தகரக் கூரையின் ஓட்டைகளையெல்லாம் நட்சத்திரம்போலக் காட்டிக்கொண்டு நின்றது.

கோடு போட்டார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம். கோட்டிலேயே நின்றது. இரண்டு மணி நேரம். மயிரிழை இறங்கவில்லை. காதைப் பலகையில் வைக்கத் துணிவில்லாமல் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார். சத்தமே இல்லை. அந்தத் தண்ணீருக்குள் கையை மட்டும் விடவில்லை. எவ்வளவு தைரியம் வந்தாலும் கைக்கு வரவில்லை. மூன்று மணி நேரம் கழித்து அவருக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். போதும் என்று சொல்லிவிட்டது. போதும் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஜீவன் இந்த ஊரில் இதுதான் என்றுகூட நினைத்தார்.

அடியிலிருந்த திருகு மூடியைக் கழற்றித் தண்ணீரை வடித்தார். வடிந்த பிறகு உள்பலகை முழுக்க வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. வேஸ்ட் துணியால் பளபளவென்று துடைத்துவிட்டார்.

சாயங்காலம் கிட்டுசாமி கேட்டார்: “ஓக்கேவா?”

“ஓக்கேங்க” என்றார் லிங்கசாமி.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கரட்டுக்குளம் ஊதா நிறத்தில் இருந்தது. கரையில் ஷாமியானா, பேண்ட் செட், பையரம்மாவுக்குப் பன்னீர். காற்று கரையிலிருந்து அடிப்பதுபோல நாற்காலி போடச் சொல்லியிருந்தார் கிட்டுசாமி. ஆனால் காற்றே இல்லை. படகை ஓட்டுவதாக இருந்த ரித்தீஷ் குளத்துப் பக்கம் நான்கு அடி வைத்தான். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினான். “விண்ட் கண்டிஷன் சரியில்ல டாடி. மாடல் மட்டும் இருக்கட்டும், நான் கயிறு புடிச்சுக்கறேன்” என்றான்.

ஆக, பூங்குழலி மட்டும். ஏறி உட்கார்ந்தாள். அப்பாவைப் பார்த்து, எப்பிடி என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். அவரும் சிரித்தார். நான்கு பேர் தள்ளினார்கள். படகு ஊதாத் தண்ணீரில் வாத்துபோல் இறங்கி, அழகாகத் திரும்பி, கயிறு இழுபடுகிறவரை நடுக்குளத்துக்குப் போய் நின்றது. கைதட்டல். பேண்ட் செட் ஆரம்பித்தது.

“நேத்து நம்ம லோடுதாங்ணா அது” என்றது பக்கத்தில் ஒரு குரல். தண்ணி லாரி பொன்னுச்சாமி. கையில் கேசரித் தட்டு. “ஒழுகலையாட்டிருக்குதுங்?”

“ஒழுகல. நல்லா ஊறிருச்சு. எந்தக் கெணத்துத் தண்ணிப்பா?”

“கெணறா? பட்டறைக்குப் பின்னால இருக்குதே, அந்த போருங்க. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும், அத்தன உப்பு.”

லிங்கசாமி அவனைப் பார்த்தார். “நல்ல தண்ணின்னு சொன்னனே.”

“நீங்க சொன்னீங்க. மொதலாளி எனக்குப் போன் போட்டு, உப்புத் தண்ணியே போதும், படகென்ன காப்பியா போட்டுக் குடிக்கப் போவுதுன்னாருங்க.” பொன்னுச்சாமி சிரித்துவிட்டுக் கேசரியை வாயில் போட்டான்.

நிறையவில்லை.

உப்புத் தண்ணி வேண்டாம் என்றிருக்கிறது. அவ்வளவுதான்.

லிங்கசாமி குளத்தைப் பார்த்தார். கரைக்குக் கரை ஊதா. காக்கை குடிக்காத தண்ணீர். அத்தனை தண்ணீருக்கு நடுவே நல்ல தண்ணி ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. வெள்ளை டி-சர்ட் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு.

“கண்ணு!”

பேண்ட் சத்தம்.

“கண்ணு, எறங்கு! குதி!”

அவள் கை உயர்ந்தபடியே இருந்தது. ஆட்டவில்லை. எவ்வளவு நேரமாக ஆட்டவில்லை? ரித்தீஷைத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடுங்கினார். காலை ஊன்றினார். இழுக்க வேண்டியிருக்கவில்லை. காற்றில்லாத குளத்தில் பாய் புடைத்தது. கயிறு தொய்ந்தது. படகே வந்தது. அவரைப் பார்த்து. நேராக. பலகை ஒவ்வொன்றும் கறுத்து, கொழுத்து, எண்ணெய் தேய்த்த உடம்புபோல மினுங்க.

“சூப்பர், சூப்பர், அதே ஸ்மைல்!” போட்டோக்காரன் முட்டி போட்டு எடுத்துக்கொண்டேயிருந்தான். அவள் உதடு நன்றாக மேலே ஏறியிருந்தது. பல் அத்தனையும் தெரிந்தது.

“பாத்தீங்களா மேடம்?” கிட்டுசாமி தொப்பியை ஆட்டினார். “ஒரு சொட்டு உள்ள வரல! ஒரு சொட்டு!”

படகு கரையில் இடித்து நின்றது. டி-சர்ட் காலியாகத் தொங்கியது. உயர்த்திய கையிலிருந்த கண்ணாடி வளையல்கள் அந்த அதிர்வில் நழுவி, முழங்கையில் தடைபடாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுகிணுவென்று தோள்வரை இறங்கின.